கேட்காமல் செய்த முறம்

“…குனியறதுதான் எனக்குக் கஷ்டம்னு ஒங்களுக்கு யாரு மிஸ் சொன்னா? நாத்து நட்ட இடுப்பு இது. இப்பவும் காலையிலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் குனின்னா குனிவேன். ஒங்களால முடியுமா?”

சிதம்பரத்தில் நான் வாரத்துக்கு இரண்டு நாள் போய்வரும் தொடக்கப் பள்ளியின் ஆயா இப்படிக் கேட்டபோது, மாடிப்படிக்குக் கீழே நாங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். ஏப்ரல் மாதம், அந்தப் பள்ளி வருஷத்தின் கடைசி வியாழக்கிழமை. மணி மூன்றே முக்காலாகப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் ஒரு கையில் துடைப்பம். இன்னொரு கையில், நானும் பிள்ளைகளும் அவருக்காகவே செய்த நீளக் கைப்பிடி வைத்த குப்பை முறம். அதன்மேல் ஒட்டியிருந்த தங்கநிற ஜிகினாத்தாள் பாதி உரிந்து தொங்கியது.

யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொண்டேன். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் டீச்சர் வேலைக்குப் படித்தவள் இல்லை. பத்தாவதோடு நின்றவள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக் கம்பி சுற்றியே என் இளமை போயிற்று. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டேன். முதலாளி கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்ட பிறகு, வீடு வீடாகப் போய் மிக்சி, ஃபேன் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இந்தப் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் மோட்டார் நின்றுபோயிற்று என்று தெரிந்தவர் ஒருவர் அனுப்பினார்.

மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த நேரம் இடைவேளை விட்டார்கள். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க எனக்கு வராது. இது எதற்கு, இது ஏன் சுற்றுகிறது, இது தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று பேசிக்கொண்டே பிரித்தேன், பேசிக்கொண்டே பூட்டினேன். பிள்ளைகள் ‘பெரிய மிஸ்’ என்று கூப்பிடும் தலைமை ஆசிரியை ஜன்னலில் நின்று கேட்டிருக்கிறார்.

“மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆவுது, ஒருத்தரும் எழுந்திருக்கல. என்னாம்மா மருந்து வச்சீங்க?” என்றார்.

அடுத்த ஜூனில் கால அட்டவணையில் ‘டிசைன் அண்டு டெக்னாலஜி’ என்று ஒரு பீரியடு முளைத்தது. செவ்வாயும் வியாழனும் மூன்றிலிருந்து நான்கு வரை, நாலாவதும் அஞ்சாவதும் சேர்த்து. அந்தப் பேர் பிள்ளைகளின் வாயில் நுழையவில்லை. ‘செய்யற பீரியடு’ என்று வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

பாடப்புத்தகம் கிடையாது. நானே நாலு கேள்வியைப் பலகையில் எழுதிப் போட்டேன். யாருக்கு? அவருக்கு என்ன கஷ்டம்? என்ன செய்தால் குறையும்? செய்ததும் எங்கே உடைகிறது? முதல் இரண்டு கேள்விக்கும் பதிலை நாம் யோசிக்கக் கூடாது, அந்த ஆளிடமே போய்க் கேட்க வேண்டும் என்று வாரா வாரம் சொன்னேன். ஒரு பையன் தன் தாத்தாவுக்கு மூக்குக் கண்ணாடி வைக்க ஒரு தாங்கி செய்தான். ஒருத்தி அம்மாவின் சீப்பு தொலையாமலிருக்க அட்டையில் கூடு செய்தாள். அழுத்திப் பார்ப்பது, இழுத்துப் பார்ப்பது, கீழே போட்டுப் பார்ப்பது எல்லாம் உண்டு.

“மிஸ், ஒடைஞ்சுபோச்சு மிஸ்.”

“நல்லது. எந்த எடத்துல ஒடைஞ்சுதுன்னு பாரு.”

“வூட்ல ஒடைச்சா அடிக்கறாங்க. இங்க ஒடைச்சா நல்லதுன்றீங்க. எதுனா ஒண்ணு சொல்லுங்க மிஸ்” என்றாள் முன்பல் இரண்டும் விழுந்த நாலாவது படிக்கும் பெண். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. மனிதர்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போவதை எழுதிவைப்பேன். “உள்ள போங்க உள்ள போங்க, படியில நிக்கறவங்களுக்குன்னு தனியா ஊரு வராது” என்பது ஒரு கண்டக்டர் சொன்னது. அந்த நோட்டில் என்னிடம் சொன்னது கொஞ்சம்தான். மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை நான் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொண்டதுதான் ஜாஸ்தி.

அம்மா போன பிறகு கடலூர் பழைய டவுனில், மாடிப் போர்ஷனில் நான் ஒருத்தி. கீழ் வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்கள் நாள் முழுக்க வேலைக்குப் போகிறவர்கள். வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு “போயிட்டு வாங்க மிஸ்” என்று பிள்ளைகள் கத்துவதுதான் அந்த வாரத்தின் கடைசிப் பேச்சு. ரிப்பேர் வேலை வந்தால் இரண்டு வார்த்தை உண்டு. வராத வாரம் அதுவும் இல்லை. செவ்வாய் மத்தியானம் பஸ் ஏறி “சிதம்பரம் ஒண்ணு” என்று சொல்லும்போது குரல் கிழிந்துதான் வரும்.

“என்னா மேடம், இன்னும் சளி போவலியா?” என்பார் கண்டக்டர்.

“இந்தக் காத்துக்கு ஒத்துக்கல” என்பேன். வாரா வாரம் இதே கேள்வி, இதே பதில். ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் வருவதற்குள் தனியாக இரண்டு தரம் செருமிக் குரலைச் சரிபண்ணிக்கொள்வேன். பிள்ளைகள் முன்னால் அப்படிப் போய் நிற்கக் கூடாதல்லவா.

மழைக்காலம்தான் கொடுமை. புயல் சின்னம் என்று சொல்லிவிட்டால் போதும், காலையிலேயே பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடும். தெருவில் பிள்ளைகள் குதிப்பது மாடிவரை கேட்கும். மாவட்டமே சந்தோஷப்படும் அந்தச் செய்தியைப் பார்த்து நான் மட்டும் வெட்டிவைத்த அட்டைத் துண்டுகளைத் திரும்பப் பையில் போடுவேன். கார்த்திகையில் ஒரு தடவை அப்படித் தொடர்ந்து மூன்று வகுப்பு போயிற்று. அதற்கடுத்த வகுப்புக்குப் போனபோது ஏன் மிஸ் இவ்வளவு வேகமா பேசறீங்க என்று ஒரு பிள்ளை கேட்டது.

பள்ளியில் எனக்கு நாற்காலி கிடையாது. ஆசிரியைகள் அறையில் இருப்பதே ஐந்து நாற்காலி, ஐந்து பேர். நான் மத்தியானம் வந்து சாயந்திரம் போகிறவள், கேட்கத் தோன்றவில்லை. வகுப்புக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே ஆயாவின் இடம். துடைப்பம், பினாயில் டப்பா, அவர் துணிப்பை மாட்ட ஒரு ஆணி. அங்கேதான் கத்தரிக்கோலும் பசையும் இருக்கும் என் ரெக்சின் பையை வைப்பேன். ஆயாவுக்கு என் வயதுதான், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருப்பார். கிள்ளையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நான் போகும் நேரம், கவிழ்த்த பக்கெட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்ட டப்பாவை மூடிக்கொண்டிருப்பார்.

“சாப்பிட்டாச்சா?” என்பேன்.

“ஆச்சு.”

வருஷம் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். பஸ்ஸில் முன்பின் தெரியாதவரிடம் மகள் கல்யாணம்வரை கேட்டுவிடுகிற எனக்கு, அந்த முதுகைப் பார்த்தால் அடுத்த வார்த்தை எழாது. அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

பிப்ரவரியில் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

“ஆயா ரொம்ப வருத்தப்படறாங்க. ஒங்க பீரியடு முடிஞ்சா அந்த ரூமு குப்பைமேடா இருக்குதாம். நான் ஒங்களத் தப்பா சொல்லல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். இன்னொரு மிஸ் எனக்குக் கெடைச்சிடுவாங்க. இன்னொரு ஆயா கெடைக்க மாட்டாங்க.”

வலித்தது, ஆனால் பொய் இல்லை. அவர் தொடர்ந்து சொன்னார். ஏப்ரல் கடைசியில் அடுத்த வருஷ அட்டவணை எழுதுவாராம். ஆயா அப்போதும் முடியாது என்றால் அந்த இரண்டு பீரியடையும் அபாகஸுக்குக் கொடுத்துவிடுவாராம். ஆக, நான் செவ்வாயும் வியாழனும் பேசப்போவதா இல்லையா என்பது ஆயாவின் ஒரு வார்த்தையில் வந்து நின்றது.

அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது, நேரே படிக்குக் கீழே போய், “என்னா கஷ்டம் ஆயா, சொல்லுங்க” என்று கேட்பது. பலகையில் வாரா வாரம் எழுதிப்போட்ட கேள்விதான். கேட்கப் பயமாக இருந்தது. ‘நீ வர்றதுதான் கஷ்டம்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கேட்காமலே வகுப்புக்குப் போய், “நம்ம ஆயாவுக்கு ஒண்ணு செய்யப்போறோம்” என்றேன்.

“ஆயாவுக்கு என்னா மிஸ் கஷ்டம்?” என்றாள் முன்பல் விழுந்தவள்.

“குனிஞ்சு குனிஞ்சு குப்பை அள்றாங்க இல்ல? இடுப்பு வலிக்கும்.”

“அவுங்களே சொன்னாங்களா?”

“ஆமா” என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்ன ஒரே பொய்.

எண்ணெய் டின்னை நான் வெட்டிக் கொடுத்தேன், ஓரத்தை மடித்துத் தட்டினேன். பிள்ளைகள் பிளாஸ்டிக் குழாயில் கைப்பிடி வைத்தார்கள். முதல் முறம் கைப்பிடியில் நிற்காமல் சுழன்றது. இரண்டாவது குப்பையை அள்ளியது, தூக்கியதும் திரும்பக் கொட்டியது. மூன்றாவதில் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி முன் ஓரத்தில் ஒட்டினார்கள். அது தரையை நக்கிக்கொண்டு போய் மரத்தூளைக்கூட விடாமல் வாரியது. வகுப்பே கைதட்டியது. குனியாமல் குப்பை அள்ள ஆளாளுக்கு வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பதற்காகக் கிழித்துப் போட்ட காகிதம் வேறு. அன்று அறை முன்னெப்போதையும்விட மோசமாகக் கிடந்தது.

மார்ச்சில் ஆண்டு விழாவும் கண்காட்சியும் வந்தன. எங்கள் பக்கத்தில் கண்காட்சி என்று பள்ளிக்கூடம் சொன்னதும் வீட்டில் உள்ளவர்களுக்குக் கை நமநமக்கும். பிள்ளை செய்தது பிள்ளை செய்தது மாதிரி இருந்தால் மானம் போய்விடும் என்று எண்ணம். கடையில் எரிமலையும் மழைநீர்த் தொட்டியும் தெர்மாகோலில் தயாராகவே வாங்கிவரலாம். அதனால் எதையும் வீட்டுக்கு அனுப்பவே மாட்டேன். அந்த ஒரு முறை மட்டும், பெயின்ட் அடித்துக்கொண்டு வருகிறேன் என்று முன்பல் விழுந்தவள் கெஞ்சினாள். கொடுத்தேன்.

மறுநாள் அவள் அப்பா முறத்தைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். டின் தெரியவே இல்லை. தங்கநிற ஜிகினாத்தாள், ஓரம் முழுக்கச் சுருக்கு வைத்த சிவப்புக் காகிதம், நடுவில் தெர்மாகோலில் ‘நல்வரவு’. கைப்பிடிக்குச் சரிகை ரிப்பன்.

“ராத்திரி பன்னண்டு ஆயிடுச்சு மிஸ். டியூபு அசிங்கமா இருந்துச்சு, பிச்சிட்டேன். நாலு பேர் பாக்கறது, சும்மா டின்னா வைக்க முடியும்?”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் பின்னால் நின்ற அவர் பெண் என்னைப் பார்க்கவில்லை.

விழாவில் ஆயாவை மேடைக்குக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார்கள். பெரிய மிஸ் மைக்கில், “நம்ம ஆயாவின் இடுப்பு வலி தீர, நம்ம குழந்தைகளின் கண்டுபிடிப்பு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆயா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போட்டோ எடுக்கும்வரை அசையாமல் நின்றார். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தேன். சுருக்குக் காகிதம் வைத்த முறம் தரையில் படியவில்லை. அதிலிருந்து உதிர்ந்த ஜிகினாவை அவர் பழைய அட்டைத் துண்டால் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். நான் உதவிக்குப் போகவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எனக்கே சொல்லிக்கொண்டு போய்விட்டேன். வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் நோட்டில் ஒரு வரி எழுதவில்லை.

அதற்குப் பிறகு ‘ஆச்சு’வும் நின்றுபோயிற்று.

இந்தக் கடைசி வியாழக்கிழமை காலையில் பெரிய மிஸ் ஆயாவிடம் சொல்லியிருக்கிறார்: “இன்னைக்கு டைம்டேபிள் எழுதறேன். போறப்ப அந்த பீரியடு வேணுமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.” மத்தியானம் என்னிடமும் அதையே சொன்னார்.

வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அட்டையில் பாலம் கட்டி, அதன்மேல் டஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கத்தரிக்கோல் எடுக்கப் படிக்குக் கீழே வந்தேன். ஆயா துடைப்பத்தோடு காத்து நின்றார். இனி இழக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. பிப்ரவரியில் கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

“ஆயா, மொறம் இடுப்பு வலிக்குக் கொஞ்சமாவது ஒதவுதா? ஒங்களுக்கு என்னதான் கஷ்டம்?”

அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார், குனிவது கஷ்டம் என்று யார் சொன்னது என்று.

“யாரும் சொல்லல ஆயா. நானா நெனைச்சுக்கிட்டேன்.”

 அவர் முறத்தைச் சுவரில் சாய்த்தார்.

“எனக்குக் கஷ்டம் நேரம் மிஸ். நாலு மணிக்கு நான் லாங் பெல் அடிக்கறேன். பசங்க போனப்புறம் ஒங்க ரூமு. மத்த ரூமெல்லாம் அஞ்சு நிமிஷம். ஒங்களுது அரைமணி. அந்தப் பசை காய்ஞ்சுதுன்னா நெகத்தாலதான் சொரண்டணும். நாலு இருவதுக்குக் கிள்ளை பஸ்ஸு. அத வுட்டா அடுத்தது அஞ்சரை. வூட்ல அவரு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கெடக்கறாரு, மூணு வருஷமா. பக்கத்து வூட்டுப் பொண்ணு அஞ்சு மணி வரைக்கும் பாத்துக்கும். அப்புறம் அது போயிடும். அவரு செவுத்தப் பாத்துக்கிட்டுத் தனியா கெடப்பாரு. செவ்வா, வியாழன் ரெண்டு நாளும் நான் போறப்ப வெளக்குகூட போட்டிருக்காது. என்கிட்ட கோவமா கேப்பாரு, இன்னைக்கும் அந்த மிஸ்ஸான்னு.”

 என்னைப் பார்த்தே இராத ஒரு மனிதர், கிள்ளையில் இருட்டில் படுத்துக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஒரு வருஷமா ஒரே எடத்துல பைய வைக்கறோம்” என்றார் ஆயா. “கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல. மிஸ்ஸாச்சே, நாமளா எப்படிப் பேசறதுன்னு நானும் இருந்துட்டேன்.”

“எவ்வளவு நேரம் முன்னாடி முடிச்சா ஒங்களுக்குச் சரியா வரும் ஆயா?”

“கால் மணி. ஆனா ஒங்களுக்குப் பேச ஆரம்பிச்சா மணி தெரியாதே மிஸ். நானும் வெளிய நின்னு பாக்கறேனே.”

அவர் சொன்னதில் கோபம் இல்லை. வருஷம் முழுக்க அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் பேசியதை அவர் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆயா அண்ணாந்து ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். துடைப்பத்தை என் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போனார். அங்கே கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில், சுத்தியலால் ஒரே ஒரு அடி அடித்தார். அட்டவணையில் இல்லாத மணி. வகுப்பில் பேச்சு நின்றது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். பெரிய மிஸ் கையில் பேனாவோடு அறையைவிட்டு வெளியே வந்தார்.

“என்னா ஆயா, இது என்னா மணி?”

“பெருக்கற மணிம்மா. செய்யற பீரியடுக்கு மட்டும். இது அடிச்சா புள்ளைங்க கத்தரிக்கோல கீழ வச்சிட்டு அவுங்கவுங்க எடத்த அவுங்களே பெருக்கணும். ஜூன்லயும் அடிப்பேன், எழுதிக்குங்க.”

சுத்தியலை ஆணியில் மாட்டினார். வகுப்பு வாசலுக்கு வந்து, முன்பல் விழுந்தவள் கையில் முறத்தைக் கொடுத்து, ஜிகினாவைப் பிச்சிட்டு, பழையபடி டியூபு ஒட்டிக்கோ என்றார். பிறகு படிக்குக் கீழே வந்தார். சுவர்ப் பக்கம் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டைக் காலால் என் பக்கம் நகர்த்திப் போட்டு, என்னைப் பார்த்து உட்கார்ந்தார்.